தோளில் இருந்த சுமை

தருமபுரிப் பக்கம் கிடைத்த பழைய மைல்கல் ஒன்றில் ‘அதியமான் பெருவழி’ என்று வெட்டியிருக்கிறது. நாவற்தாவளம் என்ற ஊருக்கு அங்கிருந்து 29 காதம். எழுத்தமைதியைப் பார்த்து 13ஆம் நூற்றாண்டுக் கல் என்று கல்வெட்டு அறிஞர்கள் சொல்கிறார்கள். தூரத்தை எழுத்திலும் எண்ணிலும் சொன்னதோடு அதை நட்டவருக்கு மனம் நிறையவில்லை. கூடவே குழிகளும் குடைந்து வைத்திருக்கிறார். இரண்டு பெரிய குழி, ஒன்பது சின்னக் குழி. பெரியது ஒன்றுக்குப் பத்து, சின்னது ஒன்றுக்கு ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாத வழிப்போக்கனும் குழியைத் தடவிப் பார்த்து, இன்னும் எவ்வளவு நடக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம். இதே பெருவழியில் 27 காதம் என்று சொல்லும் இன்னொரு கல்லும் கிடைத்திருக்கிறது.

அந்தக் குழிகளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொங்கும். வழி போட்டவர்கள், அதில் நடக்கப்போகிறவர்களில் எழுத்தறியாதவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்று யோசித்திருக்கிறார்கள். அவர்கள் தலையிலும் தோளிலும் சுமை இருக்கும், நின்று யாரையாவது விசாரிக்க நேரம் இருக்காது என்றும் யோசித்திருக்கிறார்கள்.

எங்கள் மாவட்டத்தில் மலையேறிப் பழைய ஊர்களைப் பார்த்து நடந்தவர்களின் கதையைச் சொல்ல எனக்குத் தெரிந்த நல்ல வழி, யார் தோளில் என்ன இருந்தது என்று பார்ப்பதுதான். தோளில் இருந்தது மாறியது. அதை வைத்து அந்த ஆளை ஊர் எப்படிப் பார்த்தது என்பதும் மாறியது.

முதலில் நடந்தவர்கள் பாணர்களும் விறலியர்களும். யாழைப் பையில் கட்டி, முழவைத் தோளில் போட்டுக்கொண்டு, தகடூருக்கு அதியமான் நெடுமான் அஞ்சியைப் பார்க்க வந்தார்கள். ஔவையார் அந்தக் கூட்டத்தில் ஒருவர். வந்தவர் நண்பராகித் தங்கினார், அவனுக்காகக் காஞ்சித் தொண்டைமானிடம் தூதும் போனார். தகடூர் என்றால் இன்றைய தருமபுரி. நெல்லிக்கனிக் கதை எல்லாருக்கும் தெரியும். நண்பனும் நடையும் சேர்ந்த முதல் கதை எங்கள் மண்ணில் அதுதான் என்பது என் எண்ணம். பின்னால் சேரன் பெருஞ்சேரல் இரும்பொறையின் படையும் இந்த மண்ணுக்குத்தான் வந்து தகடூரை அழித்தது. பாட்டைச் சுமந்தவனும் வேலைச் சுமந்தவனும் ஒரே ஊரைத் தேடி வந்தார்கள்.

அதற்குப் பிறகு பல நூற்றாண்டுகள் உப்பும் தானியமும் துணியும்தான் சுமை. ஊருக்கு ஊர் சுமைதாங்கிக் கல் நின்றது. இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்திருப்பார்கள். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். யாரும் கைகொடுக்காமலேயே தலைச்சுமையை இறக்கி வைத்து, மூச்சு வாங்கி, மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். பிள்ளை பெறாமல் வயிற்றுச் சுமையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் நட்டு வைப்பது வழக்கம். இன்றும் சாலை அகலமாக்காத பக்கங்களில் ஒன்றிரண்டு மிச்சம் இருக்கின்றன. பேருந்துக்குக் காத்திருக்கும் பையன்கள் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருப்பார்கள்.

1906இல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு ஒரு சின்ன ரயில் வந்தது. பிறகு ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அந்தப் பாதையை மூடித் தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். ஜனங்கள் மறுபடி நடையைக் கட்டினார்கள். அந்த மொரப்பூர்ப் பாதையைத் திரும்பப் போட 2019இல்தான் அடிக்கல் நாட்டினார்கள்.

ரயில் ஓடிய காலத்திலும் அதில் ஏற முடியாமல் நடந்த ஒருவரைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா. சிறையில் வந்த தொழுநோயோடு வெளியே வந்தவர். தொழுநோயாளிகள் ரயிலில் ஏறக் கூடாது என்று வெள்ளைக்கார அரசு தடுத்தது. அவர் நடந்தார், கட்டை வண்டியில் போனார், ஊர் ஊராகப் பேசினார். பாப்பாரப்பட்டியில் நண்பர்கள் துணையோடு ஆசிரமம் அமைத்தார். பாரதமாதாவுக்கு அங்கே ஒரு கோயில் கட்ட வேண்டும் என்பது அவர் கனவு. 1923இல் சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டினார். கோயில் எழும்பவில்லை. 1925 ஜூலை 23 அன்று சிவா அதே பாப்பாரப்பட்டியில் கண்ணை மூடினார். புண்ணான காலோடு அவர் நடந்த தூரத்தை நினைத்தால், பளபளக்கும் காலணி போட்டு நடக்கும் நாம் வாயைத் திறக்கவே யோசிக்க வேண்டும். இன்று அங்கே அவருக்கு மணிமண்டபமும் பாரதமாதா நினைவாலயமும் இருக்கின்றன. ஒகேனக்கல் போகிறவர்களில் மிகச் சிலர்தான் அந்தப் பக்கம் வண்டியைத் திருப்புகிறார்கள்.

நானும் என் நண்பனும் நடக்கத் தொடங்கியது 1980களில். தோளில் ஆளுக்கொரு ஜோல்னாப் பை. உள்ளே ஒரு வேட்டி, ஒரு துண்டு, டார்ச்சு, பொட்டுக்கடலை, வெல்லம். கல்வெட்டு பார்ப்பதும் மலை ஏறுவதும்தான் நோக்கம். ஊருக்குள் அதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். “சும்மா பாக்கறதுக்கா இம்மாந்தூரம் நடந்து வந்தீங்க?” என்று அரூர்ப் பக்கம் ஒரு பெரியவர் கேட்டார். அவர் கேட்டதில் கேலி இல்லை. நடப்பது அவருக்குக் கட்டாயம். கட்டாயமில்லாமல் ஒருவன் நடப்பான் என்பது அவருக்குப் புரியாத விஷயம்.

இரண்டு இளைஞர்கள் தோளில் பையோடு மலை அடிவாரத்தில் திரிந்தால் அந்தக் காலத்தில் வேறு அர்த்தமும் இருந்தது. தருமபுரி, வடஆற்காடு மாவட்டங்களில் நக்சலைட் வேட்டை நடந்த சூடு ஆறாத வருஷங்கள் அவை. டீக்கடையில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் மஃப்டியில் ஒருவர் பக்கத்தில் வந்து உட்காருவார். “எந்தூருங்க தம்பி? யார் வீட்டுக்கு வந்தீங்க?” பையைத் திறந்து காட்டச் சொல்வார்கள். நோட்டுப் புத்தகத்தில் நாங்கள் படியெடுத்து வைத்திருந்த வட்டெழுத்தைப் பார்த்து, இது என்ன ரகசிய எழுத்து என்று கேட்ட அதிகாரியும் உண்டு. ஒரு ராத்திரி முழுக்கக் காவல் நிலையத்துப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். விடிந்ததும் உள்ளூர்ப் பள்ளி வாத்தியார் ஒருவர் வந்து, இவர்கள் கல்லைப் பார்க்கிற பைத்தியங்கள் என்று உறுதி சொன்ன பிறகு விட்டார்கள்.

ஆனால் மலைமேல் போனால் கிடைத்த வரவேற்பு வேறு. சித்தேரி மலையில் மலையாளிப் பழங்குடி மக்கள். காஞ்சியிலிருந்து தங்கள் முன்னோர் மலையேறி வந்தார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. சாமை அரிசிச் சோறும் கொள்ளு ரசமும் வைப்பார்கள். திண்ணையில் பாய் விரிப்பார்கள். விலை, வாடகை என்ற பேச்சே வராது. காலையில் கிளம்பும்போது அவர்களும் கிளம்புவார்கள். பெண்கள் தலையில் சும்மாடு வைத்து, அதன்மேல் சாமை மூட்டையோ புளிக்கூடையோ கடுக்காயோ சீமாற்றுக் கட்டோ ஏற்றிக்கொண்டு சந்தைக்கு இறங்குவார்கள். நாங்கள் வெறுங்கையோடு தடுமாறிய சரிவில் அவர்கள் பேசிச் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். மாலை உப்பு, மிளகாய், மண்ணெண்ணெயோடு ஏறுவார்கள். அந்த ஒற்றையடிப் பாதையை வகுத்தது யாரென்று கேட்டால் அந்தக் கால்கள்தான். ஒரு தலைமுறை நடக்காமல் விட்டால் உண்ணிச்செடி மூடிவிடும்.

அதே மாதிரி இன்னொரு மலைப்பாதையில் நான் பார்த்த சுமையை மறக்க முடியவில்லை. வத்தல்மலைப் பக்கம், நீளமான மூங்கிலில் போர்வையைத் தூளியாகக் கட்டி, நான்கு பேர் ஓட்டமும் நடையுமாக இறங்கினார்கள். உள்ளே நிறைமாதக் கர்ப்பிணி. பின்னால் அவள் அம்மா, ஒரு கையில் தண்ணீர்ச் செம்பு, இன்னொரு கையால் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள். நாங்கள் பாதையை விட்டு ஒதுங்கி நின்றோம். தோள் மாற்ற ஆள் வேண்டுமென்று அவர்களில் ஒருவர் கையைக் காட்டினார். என் நண்பன் பையை என்னிடம் வீசிவிட்டு மூங்கிலுக்குத் தோள் கொடுத்தான். அடிவாரம் வரைக்கும் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. தருமபுரி அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தாள், குழந்தை பிழைத்தது என்று பிறகு கேள்விப்பட்டோம். பிழைக்காத கதைகள் அந்த மலையில் வீட்டுக்கு வீடு இருந்தன.

ஆகவே மலைக்குச் சாலை வந்ததைப் பற்றி யாராவது வருத்தமாக எழுதினால் எனக்குக் கோபம் வருகிறது. ‘அழகு போய்விட்டது, அமைதி போய்விட்டது’ என்று சொல்கிறவர்கள் அந்த மூங்கிலுக்குக் கீழே ஒரு தடவை தோள் கொடுத்துப் பார்த்திருக்க வேண்டும். வத்தல்மலைக்கு இன்று கொண்டை ஊசி வளைவுகளோடு தார்ச்சாலை இருக்கிறது. பேருந்து போகிறது. மேலே விளையும் காப்பியும் மிளகும் வண்டியில் இறங்குகின்றன. சனி, ஞாயிறில் தருமபுரியிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் பைக்குகளில் பையன்கள் ஏறுகிறார்கள். வளைவுகளில் நின்று படம் எடுக்கிறார்கள். பிளாஸ்டிக் குப்பையும் பீர் பாட்டில் சில்லும் கூடவே வந்துவிட்டன, அதைக் கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் தூளி இறங்கிய பாதையில் இப்போது ஆம்புலன்ஸ் ஏறுகிறது என்பதற்கு முன்னால் எந்தக் குறையும் எனக்குச் சின்னதாகத்தான் தெரிகிறது.

தண்ணீரும் அப்படித்தான். நாங்கள் நடந்த காலத்தில் வழியில் எந்த வீட்டில் கேட்டாலும் சொம்பு நிறையத் தண்ணீர் கொடுப்பார்கள். கொடுத்த கைகளுக்கு உரியவர்கள் சிரிக்கும்போது பல்லில் பழுப்புக் கறை தெரியும். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு. பல்லோடு நிற்காமல் மூட்டையும் எலும்பையும் முடக்கிய ஊர்கள் பென்னாகரம், பாலக்கோடு பக்கமெல்லாம் இருந்தன. நாற்பது வயதில் முதுகு வளைந்து, சுமை தூக்க முடியாமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் குழாயில் கொண்டுவரும் கூட்டுக்குடிநீர்த் திட்டத்துக்கு 2008இல் அடிக்கல் நாட்டி, ஜப்பான் கடனுதவியோடு கட்டி, 2013இல் திறந்தார்கள். தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைப் பழைய பற்களைப் பார்த்தவர்களுக்குத்தான் சொல்லத் தெரியும்.

எங்கள் நடை 1990களில் நின்றுபோனது. வயது காரணமில்லை. காட்டுக்குள் போக முடியாத காலம் அது. சந்தனக்கட்டை ஒரு சுமையாக மலைகளில் இறங்கத் தொடங்கியபோது பாதைகளின் குணமே மாறிவிட்டது. சுமக்கச் சொன்னவர்கள் எங்கோ இருந்தார்கள், கூலிக்குச் சுமந்தவர்களும் சுமக்காதவர்களும் அடிபட்டார்கள்.

சித்தேரி அடிவாரத்தில் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி அந்த ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகளை நொறுக்கி, ஆடு மாடுகளையும் தானியத்தையும் நாசம் செய்து, ஊரையே சிறைக்கு அனுப்பினார்கள். பழங்குடி மக்கள் சங்கத்தினரும் மார்க்சிஸ்ட் தோழர்களும் துணை நிற்க, அந்தப் பெண்கள் நீதிமன்றப் படியேறி அடையாளம் காட்டினார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்றது. அவர்களில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டிருந்தார்கள். மேல்முறையீட்டில் நீதிபதி வேல்முருகன் நேரில் ஊருக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார். 2023 செப்டம்பர் 29 அன்று உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது. சித்தேரி போகிற இளைஞர்களிடம் நான் விடாமல் சொல்வது, வாச்சாத்தியை வெறுமனே கடந்து போகாதீர்கள் என்பதுதான். அந்த மலையின் அழகைப் பார்க்கிற கண்ணுக்கு அந்த ஊரின் வழக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பென்னாகரம் பக்கத்துக் காடுகளில் சந்தனக்கட்டை கடத்திய வீரப்பனைத் தேடும் வேட்டை. ரேஷன் அரிசியைக் கொஞ்சம் கூடுதலாகச் சுமந்தாலே யாருக்குக் கொண்டுபோகிறாய் என்று கேட்ட வருஷங்கள். ஆடு மேய்க்கப் போனவர்கள், தேனெடுக்கப் போனவர்கள் எல்லாரும் பாதையை மாற்றிக்கொண்டார்கள் அல்லது விட்டுவிட்டார்கள். 2004 அக்டோபர் 18 இரவு பாப்பாரப்பட்டி அருகே வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் அந்த வட்டாரத்தில் ஜனம் ரோட்டுக்கு வந்து நின்றது எனக்கு நினைவிருக்கிறது. பயம் விலகிய முகங்களும் இருந்தன, அழுத முகங்களும் இருந்தன.

இப்போது காடு வேறு காரணத்துக்காக மூடியிருக்கிறது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி மலையேற்றத்துக்குப் போனவர்கள் 23 பேர் இறந்தார்கள். அதன் பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2022இல் தருமபுரி, கிருஷ்ணகிரிக் காடுகளைச் சேர்த்துக் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. யானைகள் வந்து போகும் வழி அது. நினைத்தபோது நினைத்த இடத்தில் ஏறிய எங்கள் சுதந்திரம் இன்றைய பையன்களுக்கு இல்லை. அதில் எனக்கு மனக்குறை கிடையாது. யானைக்குப் பாதை வேண்டும், குரங்கணியில் போன உயிர்களுக்கு நாம் பதில் சொல்ல வேண்டும். 2024இல் தமிழக அரசு மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியபோது அதில் 14 மாவட்டங்களில் 40 பாதைகள் இருந்தன. இணையத்தில் பதிவு செய்து, காட்டையொட்டி வாழும் பழங்குடி இளைஞர்களை வழிகாட்டிகளாக வைத்துக்கொண்டு நடக்கலாம். சும்மாட்டோடு இறங்கிய அம்மாவின் பேரன் சம்பளம் வாங்கிக்கொண்டு முன்னால் நடக்கிறான் என்றால், இந்த மாற்றங்களில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

என் நண்பனின் மகன் பெங்களூருவில் வேலை பார்க்கிறான். அவனும் அவனோடு படித்த ஒரு தோழனும் முதுகுப் பையை மாட்டிக்கொண்டு சீனாவுக்குப் போய் யுன்னான் மாநிலத்தில் சுற்றிவிட்டு வந்தார்கள். தாலி, லிஜியாங் போன்ற பழைய ஊர்கள், புலி பாயும் பள்ளத்தாக்கின் மேல் போகும் மலைப் பாதை. கீழே ஜின்ஷா ஆறு நுரைத்துக்கொண்டு ஓட, மேலே கழுதைகள் பொதி சுமந்த பழைய தடத்தில் நடந்ததைக் கண்கள் விரியச் சொன்னான். நடுவில் நாக்சி மக்களின் வீடுகளே தங்கும் விடுதிகள். ராத்திரி அங்கே படுத்து, காலையில் அவர்கள் தந்த கஞ்சியைக் குடித்துவிட்டு நடந்தார்களாம்.

“பெரியப்பா, தேயிலையைக் குதிரையில ஏத்திக்கிட்டுத் திபெத்துக்குப் போன பழைய பாதைய அவங்க அப்படிக் கொண்டாடறாங்க. நம்ம பக்கம் அந்த மாதிரி எதுவும் இல்லையா?” என்று கேட்டான்.

அதியமான் பெருவழிக் கல்லைப் பற்றி அவனுக்குச் சொன்னேன். பிறந்து வளர்ந்த ஊர் அவனுக்குத் தருமபுரி. அந்தக் கல்லை அவன் கேள்விப்பட்டதே இல்லை. அவன் மேல் குற்றமில்லை. பள்ளிக்கூடத்தில் யாரும் அழைத்துப்போய்க் காட்டவில்லை, சாலையோரத்தில் ஒரு பலகையும் வைக்கவில்லை.

லிஜியாங்கைப் பற்றி அவன் சொன்னதில் இன்னொரு பக்கமும் இருந்தது. 1996இல் நிலநடுக்கம் அந்த ஊரை உலுக்கியது, 1997இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதற்குப் பிறகு கூட்டம் குவிந்தது. வீடெல்லாம் கடையும் விடுதியுமாக ஆனபோது நாக்சிக் குடும்பங்கள் பலவும் பழைய ஊரை விட்டு வெளியேறிவிட்டன. ஊர் அழகாக இருக்கிறது, ஊரார் இல்லை. நம்மிடம் நிலைமை நேரெதிர். ஊரார் இருக்கிறார்கள். கண்ணுக்கு முன்னால் இருக்கும் பழசை யாரும் பார்ப்பதில்லை. சேலத்திலிருந்து பெங்களூருவுக்கு நாற்பத்துநாலாம் எண் நெடுஞ்சாலையில் போகும் ஆயிரக்கணக்கான வண்டிகள் அதியமான்கோட்டையைத் தாண்டித்தான் போகின்றன. உள்ளே சென்றாயப் பெருமாள் கோயிலில் கூரை ஓவியங்கள் இருக்கின்றன. தருமபுரிக் கோட்டையில் மல்லிகார்ஜுனர் கோயில் மண்டபத்தில் தரையைத் தொடாத தூண் நிற்கிறது. அரூருக்குப் பக்கத்தில் தீர்த்தமலை. படியேறிப் போனால் பாறையிலிருந்து விழும் ராம தீர்த்தம், சோழர் காலக் கல்வெட்டுகள். ஏறும்போது இரண்டு பக்கமும் குரங்குகள், உச்சிக்குப் போய்த் திரும்பினால் தென்பெண்ணைப் பக்கத்துச் சமவெளி முழுக்க விரிந்து கிடக்கும்.

எல்லாவற்றையும்விட நடுகற்கள். தருமபுரியை நடுகல் நாடு என்றே சொல்லலாம். ஆநிரை கவர வந்தவர்களோடு மோதி இறந்தவன், புலியோடு போராடி இறந்தவன், ஊரைக் காத்து விழுந்தவன் என்று பல்லவர் காலத்திலிருந்து கல் கல்லாக நட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு கல்லைக் கிட்டே போய்ப் பாருங்கள். வீரன் ஒரு காலை முன்வைத்து நிற்பான். ஒரு கையில் வில், இன்னொரு கையில் குறுவாள். கொண்டை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அம்பு உடம்பில் தைத்திருப்பதையும் சில கற்களில் செதுக்கியிருப்பார்கள். காலடியில் கள் ஊற்றி வைக்கும் சிமிழ். மேலே வட்டெழுத்தில் அரசன் பெயர், ஆட்சியாண்டு, இறந்தவன் பெயர், எந்த ஊர் மாட்டை மீட்டு எங்கே விழுந்தான் என்ற செய்தி. அரசனுக்குக் கொடுத்த அதே இடத்தை மாடு மேய்த்தவனுக்கும் கொடுத்த கற்கள் அவை. ஊர் ஜனம் அவற்றை வேடியப்பன் என்று கும்பிடுகிறது. எண்ணெய் தேய்த்து, மஞ்சள் பூசி, பொங்கல் வைக்கிறார்கள். பையனுக்கு வேடியப்பன் என்று பெயரும் வைக்கிறார்கள். தருமபுரி அகழ்வைப்பகத்தில் வரிசையாக நிற்கும் நடுகற்களையும் பார்க்க வேண்டியதுதான். ஆனால் வயல் வரப்பில் வேப்பமரத்தடியில், நேற்றைய பூவோடு நிற்கும் கல்லைப் பார்க்கிறபோது கிடைப்பது வேறு. 1970களில் நாகசாமி தலைமையில் தொல்லியல் துறையினர் செங்கம், தருமபுரிப் பகுதிகளில் ஊர் ஊராகப் போய் இவற்றைப் படியெடுத்துப் புத்தகமாக்கினார்கள். நானும் நண்பனும் நடக்கத் தொடங்கியதே அந்தப் புத்தகங்களைப் பார்த்துத்தான்.

பெருவழிக் கற்கள் கிடைத்த இடங்களையும் நடுகற்களையும் மலையடிவார ஊர்களையும் இணைத்து, ஆட்கள் நடக்க ஒரு பாதை அமைக்கலாம் என்று எனக்கு வெகுநாளாக ஆசை. லிஜியாங் மாதிரி ஊரைக் கடைத்தெருவாக்க வேண்டாம். ஊரார் ஊரிலேயே இருக்க, அவர்கள் திண்ணையில் காசு கொடுத்துத் தங்கி, சாமைச் சோற்றுக்கு விலை கொடுத்துச் சாப்பிட்டு நடக்கிற மாதிரி இருந்தால் போதும். அன்று எங்களுக்கு இலவசமாகப் போட்டார்கள். இன்றைய பையன்களுக்குப் பையில் பணம் இருக்கிறது, கொடுக்கட்டும்.

நடையைப் பற்றிப் பேசும்போது சீனாவில் இருந்த சூ சியாகே என்பவரையும் சொல்ல வேண்டும். 1587இல் பிறந்தவர். பரீட்சை எழுதி அதிகாரியாவதை விட்டுவிட்டு, முப்பது வருஷத்துக்கும் மேலாக மலை மலையாக நடந்து, பாறையையும் குகையையும் ஆற்று மூலத்தையும் நாட்குறிப்பாக எழுதினார். அந்த நாட்குறிப்பு தொடங்கும் நாள் 1613 மே 19. அந்த மே 19ஐத்தான் சீனா இன்று சுற்றுலா நாளாகக் கொண்டாடுகிறது. அவருடைய கடைசிப் பெரும் பயணத்தில் ஜிங்வென் என்ற துறவி நண்பராகக் கூட வந்தார். யுன்னானில் உள்ள ஜிசூ மலைக்குப் போக வேண்டும் என்பது துறவியின் நேர்த்தி. வழியில் படகில் கொள்ளையர் தாக்கிக் காயப்படுத்த, 1637இல் துறவி இறந்துபோனார். சூ சியாகே நண்பரின் எலும்புகளை எடுத்துக் கட்டிச் சுமந்துகொண்டே மாதக்கணக்கில் மலைகளைத் தாண்டி நடந்து, ஜிசூ மலையில் கொண்டுபோய் அடக்கம் செய்தார். என் நண்பனின் மகனுக்கு இந்தக் கதை தெரிந்திருந்தது. அவன் சொல்லித்தான் நான் தேடிப் படித்தேன். நண்பனோடு நடப்பதைப் பற்றி இதற்கு மேல் யாரும் எதுவும் எழுதியிருப்பதாக எனக்குத் தெரியவில்லை. மூங்கிலுக்குத் தோள் கொடுத்துப் பேசாமல் இறங்கிய என் நண்பனை அதைப் படிக்கும்போது நினைத்துக்கொண்டேன். அவன் போய் இப்போது சில வருஷங்கள் ஆகின்றன.

    

நண்பனின் மகனும் அவன் தோழர்களும் இந்த வருஷம் மாவட்டத்துக்குள்ளேயே நடக்கப்போகிறார்களாம். எங்கே தொடங்கலாம் என்று கேட்டார்கள். பென்னாகரம் வட்டம், வட்டுவனஹள்ளி ஊராட்சியில் கோட்டூர் மலையைச் சொன்னேன். ஏரிமலை, அலகட்டு எல்லாம் அந்தப் பக்கம்தான். 2021 சட்டமன்றத் தேர்தலில் கோட்டூர் மலை வாக்குச்சாவடிக்கு வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதை மேல் ஏற்றித்தான் கொண்டுபோனார்கள். அதிகாரிகள் பின்னால் நடந்து ஏறினார்கள். சாலை கேட்டு அந்த மலை ஊர்க்காரர்கள் மனு கொடுத்துக் கொடுத்து ஒரு தலைமுறையே கழிந்தது. நோயாளியைத் தூளி கட்டி இறக்கிய செய்திகள் அந்தப் பக்கமிருந்து சமீப வருஷங்களிலும் வந்தன.

வனத்துறையிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, உள்ளூர் ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றேன். ஏறுவதற்கு முன்னால் அடிவாரத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். ரேஷன் அரிசி, மருந்து, பிள்ளைகளின் புத்தகம் என்று மேலே கொண்டுபோக வேண்டியது யாரிடமாவது இருக்கும். உங்கள் பையில் இடம் வைத்துக்கொண்டு போங்கள்.